புரட்டாசியில் ஒரு கறித்துண்டு

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்னும் தகராறுதான். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துப் படியுங்கள். ஆனால் நடந்ததில் ஓர் எழுத்தும் பிழை இல்லை.

முடிச்சூரில் எங்கள் வீட்டைச் சுற்றி நெல் விளைந்த காலம். புரட்டாசி மாதம், வீட்டில் முட்டைகூடக் கிடையாது. எனக்கு வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. அம்மா ஓமத்தை வறுத்துக் கொதிக்கவைத்து, பனைவெல்லம் போட்டுக் கொடுத்தாள். அது வேலை செய்யும்வரை அப்பாவுக்குப் பொறுமை இல்லை. தொக்கம் எடுப்பவரிடம் இழுத்துப் போனார். வயிற்றில் செரிக்காமல் சிக்கியதை வெளியே எடுத்துக் காட்டுகிறவர் அவர்.

என் தொண்டைக்குழியில் ஒரு பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சினார். பிறகு தட்டில் துப்பினார். ஒரு கறித்துண்டு.

“பாருண்ணா, பையன் எங்கியோ துன்ட்டு வந்துகீறான்.”

அப்பா அங்கேயே அறைந்தார். “பெருமாள் மாசத்துல யாரு வூட்லடா துன்ன?”

“நான் துன்னலப்பா!”

“அப்ப இது இன்னா, கத்திரிக்காயா?”

தட்டில் சாட்சி கிடக்கும்போது என் பேச்சு எடுபடுமா? வீட்டில் பெருமாள் படத்தின் முன் விழுந்து மன்னிப்புக் கேட்கவைத்தார்கள்.

“எங்களுக்கு ரசம், தொரைக்குக் கறியா?” என்றாள் அக்கா.

“காலைலேர்ந்து என் கண்ணெதிர்லதானே கீறான்?” என்று அம்மா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அப்போது பார்த்து ஒரு பெரிய ஏப்பம் வந்தது; வயிறு இளகியது. ஓம வாசனை கூடம் முழுக்க வீசியது. “பாத்தியா, தொக்கம் எடுத்ததும் சரியாப்பூட்ச்சு” என்றார் அப்பா. அறை எனக்கு, பெயர் தொக்கம் எடுத்தவருக்கு!

நர்சிங் படிக்கும் என் மகளிடம் போன வாரம்தான் இதைச் சொன்னேன். ஓமத்தில் இருக்கும் எண்ணெய் வாயுவைக் கலைக்கும் என்பதற்கு ஓரளவு ஆராய்ச்சி இருக்கிறதாம். “தொக்கத்துக்கு?” என்றேன். சிரித்தாள். “அந்தத் துண்டுல பல்லு பட்டிருந்துச்சாப்பா?”

படவில்லை. வெட்டியது வெட்டியபடி இருந்தது. அதைப் பார்த்தும், தூக்கத்தில் எங்கோ போய்த் தின்றிருப்பேனோ என்று எத்தனை வருடம் என்னையே சந்தேகித்திருக்கிறேன்! நினைத்தால் இன்றும் கன்னம் எரிகிறது. தொக்கம் எடுத்தவர் துப்பியதை அப்பா பார்த்தார், நானும் பார்த்தேன். துப்பியது யாருடைய வாய் என்பது மட்டும் அன்று எனக்குத் தோன்றவில்லை.

எழுதியது: புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.