முகத்தில் ஒன்றும் தெரியாதவர்

"மூச்ச நல்லா இழுங்க… புடிச்சுக்கோங்க… விடுங்க."

படுத்திருப்பவர் ஸ்கேன் திரையைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் புகைமூட்டமாகத்தான் தெரியும். ஸ்கேன்காரம்மாவின் முகத்தையே பார்க்கிறார். புருவம் நெளிகிறதா, உதடு இறுகுகிறதா என்று கண்கொட்டாமல் தேடுகிறார். ஒன்றும் அகப்படுவதில்லை.

"ஏம்மா, அங்கயே ரொம்ப நேரமா வெச்சிருக்கீங்களே?"

"எல்லாருக்கும் அப்படித்தாங்க. டாக்டர் சொல்வாங்க."

படம் எடுப்பதோடு இவர் வேலை முடிந்தது. ஆனால் டாக்டர் சொல்லும்வரை யார் பொறுக்கிறார்கள்? வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒயர் சிக்கிக்கொண்டதற்கு ஒருமுறை உச்சுக்கொட்டிவிட்டார். படுத்திருந்த பெரியவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே ஓடி, "எம் பொண்ணுக்குப் போன் போடுங்க" என்று உடைந்து அழுதுவிட்டார். அவர் வயிற்றில் வாயுவைத் தவிர ஒன்றுமில்லை. அன்றிலிருந்து இவர் பெருமூச்சு, புன்னகை எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வரப் பழகிக்கொண்டார்.

அப்படியும் ஜனங்கள் விடுவதாயில்லை. வெளியே நாற்காலி வரிசையில் இவரைப் பற்றி ஒரு சாஸ்திரமே உருவாகியிருந்தது. "ரெண்டு டிஷ்யூ குடுத்தா பயமில்லையாம். கை நெறைய குடுத்தாதான் ஏதோ இருக்காம்." கதவிடுக்கில் இது இவர் காதில் விழுந்தது. ஜெல் துடைக்கிற காகிதத்திலா தலையெழுத்து? சிரிப்பு வரவில்லை. மறுநாள் முதல் டிஷ்யூ பெட்டியையே அவரவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டார். பெட்டியை நகர்த்தி வைத்ததற்கு என்ன அர்த்தம் என்று வெளியே பேச்சு தொடங்கியது.

வீட்டிலும் அந்த முகம் லேசில் இளகாது. "நீ கோவமா இருக்கியா, பசியா இருக்கியான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்குப் பசி வந்துடுது" என்பார் கணவர்.

போன வாரம் இவருடைய அக்காவே வந்தார். கொஞ்ச நாளாக விலாவில் வலி. சொந்தக்காரர்களைத் தானே பார்ப்பது வேண்டாமென்று இவர் வேறொருவரைக் கூப்பிடப் போனார். அக்கா விடவில்லை. "எவளோ என் வயித்தத் தடவணுமா? நீயே பாருடி."

பார்த்தார். மருமகள் வாங்கிய திரைச்சீலை, சமையலறையில் ஒழுகும் குழாய் என்று அக்கா ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். கல்லீரலின் ஓரத்தில், இருக்கக்கூடாத ஒரு நிழல் தெரிந்தது. ஸ்கேன்காரம்மாவின் கை தயங்கவில்லை. எல்லோருக்கும் எவ்வளவு நேரமோ அவ்வளவுதான் அங்கேயும்.

"மூச்ச விடுக்கா."

"அப்பாடா! உன் மூஞ்சியில ஒண்ணுமில்ல. அப்ப எனக்கும் ஒண்ணுமில்ல." அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து கால்களைத் தொங்கப்போட்டார்.

"டாக்டர் சொல்வாங்கக்கா."

குரலும் மாறவில்லை. பிறகு இவர் தரையில் மண்டியிட்டு, கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பை எடுத்து அக்காவின் காலில் மாட்டத் தொடங்கினார்.

"என்னடி இது, புதுசா…" என்று ஆரம்பித்த அக்கா, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

செருப்பு வாரின் கொக்கி துளையில் சிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஸ்கேன்காரம்மா தலையை நிமிர்த்தவில்லை.