எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்

போன வாரம் மாசாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள். அன்றைக்குக் குழம்பியவள் இன்னும் தெளியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பேச்சில்லை, நடையில்லை. எங்களுடையது மாடி வீடு. குளியலறை மேலே, இவர் கீழே ஹாலில். இதை விற்றால்தான் செனாயில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் படியில்லாத வீடு வாங்க முடியும். ஆனால் வீடு இவர் பெயரில் அல்லவா இருக்கிறது?

காலையில் வக்கீல் பெண் வருகிறாள் என்றதும், ஆள் வந்தால் நாம் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். ஷேவ் செய்து, பவுடர் போட்டு, விபூதி பூசி, தீபாவளிக்கு எடுத்த பூப்போட்ட பாத்தேக் சட்டையை மாட்டி உட்கார வைத்தேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தார். மை டப்பாவும் தயார் – ஒரு கைநாட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

“அங்கிள், வீட்ட ஆன்ட்டி பேருக்கு மாத்தலாமா?” என்று வக்கீல் பெண் இவரிடம் கேட்டாள்.

தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“இல்ல, எனக்கே குடுத்துடுறீங்களா?”

அதற்கும் ஆட்டினார்... சிரித்துக்கொண்டே!

“ஆன்ட்டி, இந்தக் கைநாட்டு செல்லாது லா. வீடு ஒங்க பேருக்கு மாறணும்னா கோர்ட்டுக்குத்தான் போவணும். அங்கிளுக்கு ஒண்ணும் புரியாதுன்னு டாக்டர் லெட்டர் வேணும். நீங்களும் சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும்.”

மத்தியானம் சமூகநல அதிகாரி வந்தார். மாத உதவி தொடர வேண்டுமா என்று பார்க்க அவ்வப்போது வருபவர். அந்த உதவியில்தான் இவருக்குப் பெம்பர்ஸும் பால்மாவும். நான் அந்தச் சட்டையைக் கழற்ற மறந்திருந்தேன்.

“அலமாக், பாக்சிக் நம்பாக் சிஹாட் லா!” என்றார் அந்த மலாய்க்கார அம்மா. பெரியவர் தெம்பாகத் தெரிகிறாராம். தெம்பாக இருந்தால் உதவியை நிறுத்திவிடுவார்களே! அவருக்கு ஒன்றுமே புரியாது, எல்லாம் படுக்கையில்தான் என்று மலாயில் படபடவென்று அடுக்கினேன். வீடு என் பெயருக்கு வந்தால் உதவி நின்றுவிடுமா என்றும் கேட்டேன். நிற்கலாம், நிற்காமலும் போகலாம், பெயர் மாறியதும் புதிதாக விண்ணப்பப் பாரம் நிரப்புங்கள் என்றார். இது என்ன பதில்?

திரும்பிப் பார்த்தால், இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக வருகிறவர்களிடமெல்லாம் “அவருக்கு எல்லாம் புரியுது” என்று சண்டை போட்டவள் நான்தானே? இப்போது அவருக்கு ஒரு நல்ல வீடு வேண்டுமென்றால், புரியாது என்று நானே சத்தியம் செய்ய வேண்டும். எது உண்மை? எனக்கே தெரியவில்லை.

நேற்று சத்தியப் பத்திரம் தயாராகி வந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் இவருக்குப் படித்துக் காட்டினேன்.

“உங்களுக்கு ஒண்ணும் புரியாதுன்னு எழுதியிருக்குங்க. கையெழுத்துப் போடவா?”

தலையாட்டினார். இந்த முறை சிரிக்கவில்லை.

இன்று காலை போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

புரிந்துதான் ஆட்டினார் என்று தயவுசெய்து கோர்ட்டில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!