இரண்டு கரையிலும் ஓய்வுநாள்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சனிக்கிழமை சாயங்காலமே ஆரம்பித்துவிடும். பொழுது சாய்வதற்குள் அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஞாயிறு பொழுது சாயும் வரை அதை மறுபடி பற்றவைக்கக் கூடாது. கடைக்குப் போகக் கூடாது, பஸ் ஏறக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, டி.வி. போடக் கூடாது. செல்போன் வந்த பிறகு அதுவும் சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை சாயங்காலம் என் கணவர் தன் போனை அணைத்து, ஒரு கைக்குட்டையில் சுற்றி பீரோவில் வைப்பார். என் போனை மட்டும் அவர் தொட்டதில்லை. தொட்டிருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

நான் திருப்பதியில் பிறந்து வளர்ந்தவள். நாங்களும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், ஆராதனை முடிந்த கையோடு எங்களை ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ஓட்டலுக்குக் கூட்டிப்போவார். மலையிறங்கி வந்த மொட்டைத்தலைக் கூட்டத்துக்கு நடுவில், மடியில் பைபிளை வைத்துக்கொண்டு மசால்தோசை தின்போம். பக்கத்து மேசைக்காரர் லட்டு பிரசாதத்தை நீட்டினால் நைனா சங்கடத்தோடு சிரிப்பார், நான் வாங்கித் தின்றுவிடுவேன். ஞாயிறு என்றால் எனக்கு அந்தச் சந்தடிதான்.

சித்தூரில் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் ஞாயிறு மத்தியானம், தட்டில் முந்தின நாள் கிளறிய புளிச்சோறு இருந்தது. சில்லென்று இருந்தது.

"சூடு பண்ணிக்கினு வரட்டா?" என்று கேட்டேன்.

"ஓய்வுநாள்மே," என்றார் அவர்.

"சோத்துக்குமா ஓய்வு?"

அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனிதரோடு காலம் தள்ளுவது கஷ்டம் என்று. தள்ளியாயிற்று, முப்பது வருஷத்துக்கு மேல்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய தாத்தாவின் அப்பா, சித்தூருக்கு வந்த ஓர் அமெரிக்கப் பாதிரியாரிடம் உபதேசியாராக, ஊராருக்கு வேதம் சொல்லித்தருகிறவராக இருந்தவர். அந்தப் பாதிரியாரின் முன்னோர்கள் இங்கிலாந்துக்காரர்கள். சொந்த ஊரில் தங்கள் மனசுப்படி கடவுளைக் கும்பிட விடவில்லை என்று கப்பலேறி, அமெரிக்காவில் போய்க் குடியேறியவர்கள். அவர்கள் பக்கத்தில் சனி சாயங்காலமே ஓய்வுநாளைத் தொடங்குவார்களாம். பாதிரியார் செய்ததை உபதேசியார் செய்தார், உபதேசியார் செய்ததை அவர் பிள்ளைகள் செய்தார்கள். பாதிரியார் போனார், அவர் பங்களாவின் ஓடும் போனது, சபையும் மெல்ல மெல்ல அந்த வழக்கத்தை விட்டுவிட்டது. இப்போது ஆராதனை முடிந்ததும் பாதி சபை நேரே பிரியாணிக் கடைக்குப் போகிறது. என் மாமனார் வீடு மட்டும் விடவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

என் கணவர் மாம்பழ ஜூஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தார். காய் வந்து குவிகிற மாசங்களில் ஞாயிறு என்றும் பார்க்காமல் மெஷின் ஓடும். இவர் போக மாட்டார். ஃபோர்மேன் தெலுங்கில் திட்டுவார், மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் அவருக்கு மேலே போனார்கள். "போனா போவட்டும்," என்பார். எனக்குத்தான் வயிறு எரியும்.

மகள் பிறந்த பிறகு அந்த வீட்டு ஞாயிறு கொஞ்சம் மாறியது. பாயை விரித்து அப்பாவும் மகளும் மத்தியானம் முழுக்கப் படுத்துக்கிடப்பார்கள். வாரத்தில் அவர் முழுசாக அவளுக்குக் கிடைத்த ஒரே நாள் அது. அவள் ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

அந்த இங்கிலாந்துக்காரர்கள் கப்பலைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, குடியேற இடம் தேட ஒரு படகில் சில பேரை அனுப்பினார்கள். பனிக்காலம். துணியெல்லாம் நனைந்து விறைத்துப்போய், புயலில் பாய்மரம் ஒடிந்து, எப்படியோ ஒரு குட்டித் தீவில் ஒதுங்கினார்கள். எதிரே கரை தெரிகிறது. ஆனால் மறுநாள் ஞாயிறு. அதனால் போகவில்லை. அந்தக் குளிரில் அங்கேயே உட்கார்ந்து ஜெபம் செய்துவிட்டு, திங்கட்கிழமைதான் போனார்கள். கரையில் ஒரு பாறைமேல் கால் வைத்து இறங்கினார்கள் என்று சொல்வார் என் கணவர்.

"குளிருமே நைனா. ஏன் போவல? யாரு பாக்கப் போறாங்க?" என்று மகள் ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"யாரும் பாக்கல. அதுக்குத்தான் போவல," என்பார் அவர். அந்தப் பதிலைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும்.

சாயங்காலம் அவள் வாசலில் போய் வானத்தைப் பார்த்து நிற்பாள். மூன்று நட்சத்திரம் தெரிந்தால் ஓய்வுநாள் முடிந்தது என்பது வீட்டுக் கணக்கு. "மூணு வந்துட்ச்சி!" என்று தெருவே அதிரக் கத்திக்கொண்டு விளையாட ஓடுவாள். நான் அடுப்பைப் பற்றவைப்பேன். அந்தச் சாயங்காலங்களில் ஒன்றே ஒன்றை யாராவது எனக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் நர்சிங் படித்தாள், வேலூரில் வேலை பார்த்தாள், பிறகு அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. மாசசூசெட்ஸ் என்று அவள் சொன்னதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அங்கதாம்மே அவங்க எறங்கனாங்க! இவளுக்கு அங்க ஓய்வுநாள பத்தி யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்ல. ஊரே வெச்சிக்கினு இருக்கும்."

பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புகிற துக்கம்கூட அவருக்கு அதில் பாதி குறைந்தது. எனக்குக் குறையவில்லை.

போன முதல் மாசமே அவள் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் திறந்திருக்கிறது, சனி சாயங்காலம் தெருவே ஜேஜே என்று இருக்கிறது, ஓய்வுநாள் என்று சொன்னால் அவளோடு வேலை செய்கிறவர்கள் விழிக்கிறார்கள். இவர் நம்பவில்லை. "அவ டவுன்ல கீறா. கிராமத்து பக்கம் போனா இருப்பாங்க," என்றார்.

அப்போதுதான் எங்கள் வீட்டுப் போராட்டம் ஆரம்பித்தது. அவளுக்கு ஆறு நாளும் வேலை. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கூப்பிடுவாள், இங்கே விடியற்காலையாக இருக்கும். இருட்டில் பாதி முகம் தெரியும். "துன்னியா? தூங்கு," என்பார் இவர், அவ்வளவுதான், அவளுக்குக் கண் சொருகிவிடும். நிதானமாகப் பேச அவளுக்கு இருந்தது ஞாயிறு ஒன்றுதான். அவள் ஞாயிறு காலையில் எழுந்து போனைக் கையில் எடுக்கும்போது இங்கே சாயங்காலம், எங்கள் ஓய்வுநாள் முடிகிற நேரம். நல்லதாகப் போயிற்று என்று நான் நினைத்தேன்.

"நமக்கு முடிஞ்சிட்ச்சி. அவளுக்கு முடியலயே," என்றார் அவர்.

எனக்கு முதலில் புரியவே இல்லை.

"இங்க பொழுது போச்சி. அங்க இப்பத்தான விடிஞ்சிருக்கு? அவளோட ஓய்வுநாள்ல நான் போன எடுத்தா, நானே அவள கெடுத்த மாதிரி ஆவும்."

"அவளே வெச்சிக்கினு இல்லியே! அவளேதான கூப்புடறா!"

"அவ பண்றது அவளோட. நான் எடுக்கறது என்னோட."

ஆக, எங்கள் பொழுது சாயும்வரை எங்கள் ஓய்வுநாள் குறுக்கே நின்றது, சாய்ந்த பிறகு அவளுடையது நின்றது. அங்கேயும் சாய்ந்த பிறகு, திங்கட்கிழமை வேலைக்காக அவள் படுத்துவிடுவாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று கத்தினேன். கடவுளே மனமிரங்கி விட்டாலும் இந்த மனிதர் விடமாட்டார் என்று சர்ச்சில் நாலு பேரிடம் சொல்லியும் பார்த்தேன். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு சாயங்காலங்களில் நான் மட்டும் உள்ளறையில் உட்கார்ந்து அவளோடு பேசுவேன். அவர் முன்னறையில் நாற்காலியில் இருப்பார். நான் பேச ஆரம்பித்ததும் ஃபேனை அணைத்துவிடுவார். ஃபேன் சத்தத்தில் அவள் குரல் சரியாகக் கேட்காது என்பதற்காக. கேட்டால், "காத்து ஜாஸ்தியா கீது," என்பார். சித்தூரில், மே மாசத்தில்! நான் வேண்டுமென்றே ஸ்பீக்கரைப் போட்டுவிடுவேன். இரண்டு வருஷம் இப்படிப் போனது. அவளுக்கு ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை. அவர் கொசுக்கடியில் உட்கார்ந்து மகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி காரில் கூட்டிவந்தாளாம். காற்றுச் சத்தம் இரைந்தது.

"அம்மா, நைனாவ கூப்புடு. அவரு சொல்வாரே, அந்தப் பாறைகிட்ட நிக்கறேன். அவருக்குத்தான் காட்டணும்."

நான் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. அவர் எழுந்து வந்து உள்ளறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் வரவில்லை.

"அங்க காலையிலதான?" என்று கேட்டார்.

"ஆமா. வந்து பாருங்க," என்றேன்.

"நீ பாத்து சொல்லுமே," என்று சொல்லி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ஆனாலும் சொன்னேன். தூண் வைத்த ஒரு மண்டபம். உள்ளே குனிந்து பார்த்தால் பள்ளம், மணல், சுற்றிலும் கம்பி. நடுவில் ஒரு கல்.

"எவ்ளோ பெரிசு?"

"பெரிசெல்லாம் இல்ல. நம்ம துணி தொவைக்கற கல்லு ரெண்ட சேத்து வெச்ச மாதிரி கீது. ஒடஞ்சி சிமெண்ட் வெச்சி ஒட்டிக்கீறாங்க."

அதற்கப்புறம் மகள் மேட்டில் ஏறி அங்கிருந்த ஒரு பலகையைப் படித்துச் சொன்னாள். அந்த இங்கிலாந்துக்காரர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்திருந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருமுறை இங்கே கூடி, பறிபோன நிலத்துக்காகவும் செத்துப்போன சனங்களுக்காகவும் துக்கம் கொண்டாடுகிறார்களாம்.

"இத எங்க நைனா எனக்கு சொல்லல," என்றார் அவர். அப்புறம், "அங்க சனங்க இப்ப என்னா பண்றாங்க?" என்று கேட்டார்.

இப்போது மகளே நேராக அவருக்குப் பதில் சொன்னாள். "நாய கூட்டிக்கினு நடக்கறாங்க நைனா. காபி குடிக்கறாங்க. கல்ல போட்டோ எடுக்கறாங்க."

"ஓய்வுநாளு?"

மகள் மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டே சொன்னாள்.

"உன்னாட்டம் யாராவது ஒருத்தர் இருப்பாங்கன்னுதான் நைனா இவ்ளோ தூரம் வந்தேன். மத்த நாள்ல வேல கீது, தெரியல. ஞாயித்துக்கெழம மட்டும் இருக்க முடியல. எவ்ளோ பெரிய ஊரு. உன்னாட்டம் யாருமே இல்ல."

அவர் வந்தார். என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். நைனா வந்துவிட்டார் என்று தெரிந்ததும் அவள் பரபரப்பாகக் கம்பிப் பக்கம் ஓடி, கல்லை நன்றாகக் கிட்டத்தில் காட்டினாள்.

"கல்லு கெடக்குது," என்றார் அவர். "உன் மூஞ்சிய காட்டும்மா."

அவள் திருப்பினாள்.

"எளச்சிட்டயே," என்றார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.