தாயின் முகம் பார்க்கிறவர்

செல்வதாஸ் முதலில் தாயின் முகத்தைத்தான் பார்ப்பார். பிள்ளையின் கை பிறகு. ஸ்பிரிட் விளக்கில் ஊசியைக் காட்டியபடியே, "அம்மா, நீ ஒண்ணும் பறையாதே. இதைப் பிடி" என்று தம்முடைய குடையை அவள் கையில் திணிப்பார். விரிப்பதா, மடக்கிப் பிடிப்பதா என்று அவள் விழிக்கிற நேரத்துக்குள் பிள்ளைக்கு அம்மை குத்தி முடிந்திருக்கும்.

குழித்துறைக்காரர். வயது நாற்பத்திரண்டு. சைக்கிளின் பின்னால் சர்க்கார் கொடுத்த பித்தளைப் பெட்டி, கன்னம் நிறைய அம்மைத் தழும்பு. குத்திக்கொள்ள மறுப்பவர்களிடம், "இந்த மூஞ்சியைக் கொஞ்சம் நோக்கும். பிறகு பறையும்" என்பார்.

படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. ஆனால் பதிவேட்டின் பின்பக்கங்களில் தாமே கோடு போட்டு மூன்று கட்டங்கள் வைத்திருக்கிறார்: ஊசி தொடுமுன் அழுத பிள்ளை, தொட்டபின் அழுத பிள்ளை, தாய் சொன்ன வார்த்தை. "ஒண்ணுமில்ல மக்கா, நோவாது" என்று தாய் தேற்றிய இடத்தில் பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் ஊசி தொடுமுன்பே அலறியிருக்கின்றன. தாயின் கவனம் வேறெங்காவது போன இடத்தில் பத்துக்கு மூன்றுதான்.

திருவனந்தபுரத்தில் மனநூலைப் பாடமாகப் படித்து, எங்கள் ஊரில் முதன்முதலாகப் பி.ஏ. தேறியவன் நான். சும்மா இருக்க முடியுமா? அமெரிக்காவில் ஒரு பேராசிரியர், குழந்தை எலியைத் தொடப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்பைத் தட்டித் தட்டி, எலியைக் கண்டாலே அழும்படி செய்ததை விளக்கினேன். பயம் பிறவியில் வருவதைவிடப் பழக்கத்தில் வருவதே அதிகம் என்று முடித்தேன்.

"அந்தத் தொரை எத்தற பிள்ளையளை நோக்கினாரு, சாரே?"

"ஒரு பிள்ளையை."

"ஒண்ணா!" செல்வதாஸ் பதிவேட்டைத் திருப்பி என் மடியில் வைத்தார். "எனக்க கையில எழுநூத்திப் பன்னிரண்டு கெடக்கு."

அந்த எழுநூற்றுப் பன்னிரண்டில், மீனவர் ஊரான இனயத்துப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. சென்ற வருஷம் அங்கே போனவர், ஊரைக் கூட்டுவதற்கு மாதா கோயில் மணியை அடிக்கச் சொல்லிவிட்டார். அவருடைய சபையில் கூட்டம் என்றால் மணி அடிப்பார்கள். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். கடற்கரையில் வேளை தவறி மணி அடித்தால், யாரோ கடலோடு போய்விட்டார் என்று பொருள். பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் வியாகுலம்மாள். "ஏலே, எனக்க மாப்பிள மத்தியாஸ் கடல்ல கெடக்குத நேரம் மணியா அடிக்குத?" என்று மண்ணை வாரி எறிந்தாள். தன் பிள்ளைக்குக் குத்த அவள் விடவில்லை. அவள் விடாதபோது வேறு யாரும் விடவில்லை.

இந்த வருஷம் அடுத்த கரையில் அம்மை போட்டு ஐந்து பிள்ளைகள் போய்விட்டன. இனயத்துக்கு வர எத்தனை நாளாகும்? செல்வதாஸ் பெட்டியில்லாமல் வியாகுலம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார். நானும் உடனிருந்தேன்.

"மணியடிச்சது எனக்க தெத்து, அம்மா. மேட்டுக்காரனுக்குக் கடற்கரை வழக்கம் தெரியல்ல."

அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "கட்டுமரம் கரையடையாம எனக்க காதுல ஒண்ணும் ஏறாது. போவும்" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் செல்வதாஸ் சிரித்துக்கொண்டே வந்தார். விரட்டியதற்குச் சிரிப்பா என்று கேட்டேன். "விரட்டல்ல சாரே, நேரம் குறிச்சுத் தந்திருக்கா. அந்த நேரம் கண்ணும் காதும் கடல்ல இருக்கும். பிள்ளையைத் தேத்த வாய் எங்க இருக்கு?"

மறுநாள் காலை, கட்டுமரங்கள் திரும்பும் வேளைக்கு, ஈர மணலிலேயே பெட்டியைத் திறந்துவைத்தார். பெண்கள் தள்ளி நின்றார்கள். வியாகுலம்மாள் மட்டும் நாலு வயசு மகள் கிரேசியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அடுத்த கரைச் சங்கதி கேட்டேன். குத்தும். பிள்ளை கரைஞ்சு அழுதா பெட்டி கடலுக்குப் போவும்."

அவர் குடையை நீட்டவில்லை. "கடல்ல வாற அந்தத் தவிட்டு நெறப் பாய் ஆருக்கது அம்மா?" என்றார்.

அவள் திரும்பினாள். தாய் பார்த்த பக்கம் பிள்ளையும் பார்த்தது. கடற்காற்றில் விளக்கு துடித்தது. "அன்னா! எனக்க மரம்! மக்கா, அப்பன் வாறாரு நோக்கு!" என்று அவள் கூவ, கிரேசி குத்தாத கையால் கடலைக் காட்டிச் சிரித்தது.

"ஆச்சு" என்றார் செல்வதாஸ்.

"எது?"

அவர் பிள்ளையின் கையைக் காட்டினார். அவள் அதை இரண்டு தடவை பார்த்தாள்.

"ஏட்டி, என்ன மரம்போல நிக்குதிய? பிள்ளையளைக் கொண்டாருங்க!"

பெண்கள் பிள்ளைகளோடு மணலில் வரிசை கட்டினார்கள். மத்தியாஸின் மரம் கரை தட்டியது. வியாகுலம்மாள் அந்தப் பக்கம் போகவில்லை. மணலில் கிடந்த குடையை எடுத்து விரித்து, காற்றில் விளக்கு அணையாதபடி குனிந்து பிடித்துக்கொண்டாள்.