எக்ஸ்ரே அக்காவின் மூச்சு

நம் இதயம் நம் பேச்சைக் கேட்குமா? எக்ஸ்ரே அக்காவின் வாழ்க்கை பல நாள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத அறையில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று நாளொன்றுக்கு அறுபது பேரிடமாவது சொல்வார். சொல்லிவிட்டுத் தானும் பிடித்துக்கொள்வார். "விடுங்க" என்ற பிறகுதான் விடுவார். இருபது வருடப் பழக்கம். ஞாயிறுதோறும் சிலிண்டர் இல்லாமல், ஒரே மூச்சில், கயிற்றை ஒட்டிக் கடலுக்குள் இறங்குவார். மூச்சு நின்று, முகத்தில் குளிர்ந்த நீரும் பட்டால் இதயம் தானாக வேகத்தைக் குறைக்கும். கைகால்களின் ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஒதுங்கும். பயிற்சியால் இந்த விளைவு இன்னும் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான், அதிசயம் ஒன்றுமில்லை.

ஐம்பது வயதில், இப்படி மூச்சடக்கி மூழ்குவோர் சங்கத்தின் போட்டியில் நாற்பது மீட்டர் இறங்க ஆசைப்பட்டார். மருத்துவச் சான்று கேட்டார்கள். தன் மருத்துவமனையிலேயே இ.சி.ஜி. எடுக்கப் படுத்தார். இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டது. எடுக்க வந்த தோழி அதைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் ஆனது. கடைசியில் வந்த கோட்டைப் பார்த்து இதய மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிமிடத்துக்கு முப்பத்தொன்பது துடிப்பு.

"இத வச்சிக்கிட்டா கடல்ல இறங்குறீங்க? இனிமே வாளித் தண்ணியோட நிறுத்திக்குங்க."

அன்று வீட்டில் அக்கா சாப்பிடவில்லை. தையல்காரரான கணவர் ஊசியில் நூல் கோத்தபடி, "என்னைத் திட்டும்போது உன் இதயம் குதிரையா ஓடுதே, அத அவருக்குக் காட்டலாமா?" என்றார். அக்கா முறைத்தார்.

"சரி, அங்க படுத்து என்னதான் பண்ணின?"

"என்ன பண்ணுவாங்க? மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"யாரு பிடிக்கச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. இ.சி.ஜி. அறையில் யாரும் அப்படிச் சொல்வதும் இல்லை; அது எக்ஸ்ரே அறைப் பழக்கம். அக்கா தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

மறுநாள் தோழி பக்கத்திலேயே நின்று, "மூச்ச விடுடி, விடு, ம், இன்னொரு தடவ விடு" என்று அதட்டிக்கொண்டே எடுத்தார். அறுபத்திரண்டு. மருத்துவர் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

போட்டியன்று காலை, சான்றை மேசையில் கொடுத்துவிட்டு, போட்டியாளர் பட்டியலில் இருந்த தன் பெயரை அக்காவே கோடு போட்டு அடித்தார். மேலே ஏறி வருகிறவர்களைப் பாதி வழியில் எதிர்கொண்டு, கூடவே நீந்தி மேலே கொண்டுசேர்க்கும் பாதுகாப்பு நீச்சல்காரர்களின் பட்டியலில் அதை எழுதினார். அன்று ஒன்பது பேரை மேலே அழைத்து வந்தார்.

"நீ ஏன்டி போட்டியில இறங்கல?" என்று படகில் கணவர் கேட்டார்.

"மூச்சப் பிடிச்சவங்க விடுற வரைக்கும் கூட இருந்துதானே எனக்குப் பழக்கம். பசிக்குது, போலாம் வாங்க."