ராபாட்டாவின் இரண்டு விரல்கள்

ராபாட்டாவுக்கு பூட்ஸ் என்பது கம்பெனி கொடுத்த தண்டனை. நியூசிலாந்தின் கிழக்குக் கரையில் தார்ச்சாலை போடுகிறவன். வேலை முடிந்ததும் பூட்ஸ் வண்டிக்குள் பறக்கும். பிறகு வங்கி, தபாலாபீஸ், பீர்க்கடை, எங்கே போனாலும் வெறுங்கால்தான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அக்கா ஹுஹானா மட்டும் விடமாட்டாள். சர்க்கரை வியாதியில் அப்பாவின் கால் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். தம்பிக்கும் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு ஜோடி ஷூ அனுப்புவாள்.

“கால் இருக்கும்போதே போட்டுக்கோடா.”

“போட்டுக்கிட்டுதான்க்கா பேசறேன்,” என்று போனில் கூசாமல் புளுகுவான். ஷூக்கள் பெட்டிக்குள் தூங்கும்.

அந்த பிப்ரவரிக் கோடை வெயிலில் சூப்பர் மார்க்கெட் வாசலில் தார் கொதித்தது. பிள்ளைகள் தையா தக்கா என்று குதித்து ஓடினார்கள். ராபாட்டா நட்ட நடுவில் நின்று, மீன் பிடித்த கதையைப் பத்து நிமிடம் அளந்தான். “அது காலா, லாரி டயரா?” என்று கேட்டார்கள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. தோல் உரம் ஏறிவிட்டது என்று நினைத்தான் மடையன். சர்க்கரையில் காலின் உணர்ச்சியே செத்துப்போயிருந்தது. நாற்றம் வந்த பிறகுதான் புண்ணைக் கவனித்தான். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரிக்காரன் உடம்பிலிருந்து எது போனாலும் அது குடும்பத்து மண்ணுக்குத்தான் சேரவேண்டும். குடும்ப இடுகாடோ அக்கா வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. அவள் கண்ணில் படாமல் எப்படிப் புதைப்பது? கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்று சொல்லி வைத்தான்.

முதன்முதலாக ஷூவோடு கடைக்குப் போனபோது கல்லாவிலிருந்த கொலீன் வாய்விட்டுச் சிரித்தாள்.

“என்னய்யா, காலுக்கு வந்த வாழ்வு! கோர்ட்டா, சாவா?”

“சாவுதான்.”

“ஐயையோ, யாரு?”

“ரெண்டு பேரு. உனக்குத் தெரியாதவங்க.”

மறு வாரமே ஹுஹானா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். விளையாட்டுக்குச் சாவு என்று சொன்ன தன் வாய்தான் அவளைக் கொன்றது என்று ராபாட்டா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதான். சாவுக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் நின்று, விரல்கள் இருந்த சின்னப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

குலத்தின் பொதுமண்டபத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். ஷூவோடு உள்ளே நுழைய முடியாது. தாழ்வாரத்தில் ஊர்ப்பட்ட செருப்புகள் கிடந்தன. உள்ளே போனால் அத்தனை சொந்தமும் காலைப் பார்க்கும். அவள் பயந்தது அப்படியே நடந்துவிட்டதை அவள் முன்னாலேயே காட்டியாகவேண்டும். போகாவிட்டால் அக்கா முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அக்கா மகள் டெரினா வெளியே வந்தாள். “என்ன மாமா, இங்கயே உக்காந்துட்டீங்க?”

“லேஸ் அவுக்க வரலைம்மா.”

அவன் தடுப்பதற்குள் மண்டியிட்டு அவிழ்த்து, ஷூவைக் கழற்றிவிட்டாள். காலைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப நீங்களே வந்து சொல்லுங்க. இனிமே அடிக்கவா போறாங்க?” என்றவள் அழுதுவிட்டாள்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே போனான். எல்லாரும் பார்த்தார்கள். செத்தவர்களிடம் முகத்துக்கு நேரே பேசுவதுதான் அங்கே வழக்கம். சவப்பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“யக்கா, உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன். ஒருநாளும் போட்டதில்ல. ரெண்டு விரல் போச்சு.” பெட்டியை டெரினா வாங்கி அம்மாவின் பாதத்தருகே வைத்தாள். “இந்த ரெண்டையும் நீ வச்சுக்கோக்கா. மிச்சம் எட்டு இருக்கு. அதை நானே பத்திரமா கொண்டாறேன்.”

பிறகு வெளியே வந்து, அக்கா வாங்கித் தந்த ஷூவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான்.