பேண்டேஜ் மெஷினுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த கதை

மெஷினை இயக்கும் கன்ட்ரோல் போர்டு செய்து பிழைத்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை: ஓடினால் அது நல்ல மெஷின், நின்றால் நம் போர்டு மோசம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறையில் போர்டு செய்து, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்து இராஜபாளையத்துக்குக் கொண்டுபோனவன் நான். ஊரெல்லாம் வேறு மொழிகளில் புரோகிராம் எழுத, நான் மட்டும் ஃபோர்த் என்ற மொழியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெயர் விசாரணை

பேண்டேஜ் துணியைச் சுற்றி வெட்டும் மெஷினுக்கு போர்டு கேட்டார் ஒரு முதலாளி. பழைய போர்டு அளவில் பிசகி, வாங்கும் கம்பெனி ஒரு லோடைத் திருப்பி அனுப்பியிருந்தது. இன்னொரு முறை திரும்பினால் ஆர்டரே போய்விடும். சின்னச் சிப்பில் அடங்கும், மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து திருத்தலாம் என்று என் மொழியின் பெருமையைக் கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஃபோர்த்துன்னா நாலாவதுதான தம்பி? மொத மூணையும் யாருக்குக் குடுத்தீக?"

எழுத்துக் கூட்டிய அக்கா

இந்த மொழியில் வேண்டிய சொல்லை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். அடிப்பது ஆங்கில எழுத்தில். சொல் நம் இஷ்டம். நான் 'சுத்து', 'வெட்டு' என்றே வைத்தேன். எண் முதலில் வரும், வேலை கடைசியில் வரும்.

மெஷினை ஓட்டிய செல்லம்மா அக்கா எட்டாவது வரை படித்தவர். என் பின்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார்: "நாலு... மீட்டர்... சுத்து... வெட்டு." பட்டனைத் தட்டினேன். மெஷின் சுற்றியது, வெட்டியது, நின்றது. அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார்: "என்ன சார், வீட்டுல நான் பிள்ளைகள ஏவுத மாதிரில்லா இருக்கு!"

இன்ஸ்பெக்டர் வந்த காலை

துணி வாங்கும் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் ஒரு ரோலை உருவி, மேஜையில் விரித்து, டேப் வைத்தார். நாலு விரற்கடை குறைந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். போர்டைச் சோதித்தேன். கணக்கு சரி, வயர் சரி. அப்போது அக்காதான் துணியை இழுத்துப் பார்த்துச் சொன்னார்: "இன்னைக்கு வந்த துணி இளக்கமா நெய்ஞ்சிருக்கு சார். வேகமா இழுத்தா நீளுது, விட்டா சுருங்குது. மெல்ல சுத்தச் சொல்லுங்க."

வேறு மொழியென்றால் சிப்பைக் கழற்றி, மாற்றி எழுத ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட வேண்டும். நான் அங்கேயே உட்கார்ந்து, மோட்டார் வேகத்தைப் பாதியாக்கும் 'மெல்ல' என்ற சொல்லை உண்டாக்கி, 'சுத்து'வுக்கு முன்னால் செருகினேன். இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அடுத்த ரோல் வந்தது. அளந்தார். சரியாக இருந்தது. நம்பாமல் இன்னும் ஐந்தை அளந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் முதலாளி என் முதுகில் தட்டினார்: "எங்க தெலுங்குலயும் மெல்லன்னா மெல்லதான். மெஷினு ரெண்டு பாஷையும் படிச்சிருக்கு தம்பி!"

அதன்பின் எத்தனையோ மெஷின்களுக்கு எத்தனையோ சொற்கள் உண்டாக்கிவிட்டேன். அவற்றில் ஒருமுறைகூட என்னைத் திருத்த வைக்காதது, எனக்குத் தோன்றாமல் செல்லம்மா அக்காவுக்குத் தோன்றிய அந்த 'மெல்ல' ஒன்றுதான்.